கண்ணாடி விமானம்: உடம்புக்குள்ள என்ன இருக்கு?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்றைய விஷயம் பொம்மை விமானம். சிரிக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. திருவிழாக் கடையில் சாவி கொடுத்து ஓடவிடுகிற விமானத்தைச் சொல்லவில்லை. நிஜ விமானத்தை 32-இல் ஒரு பங்கு, 48-இல் ஒரு பங்கு என்று அளவு குறைத்து, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். நாம்தான் ஒட்டிச் சேர்க்கணும். அதற்குப் பெயர் மாடல் கிட். அதிலும் ஒரு தனி ரகம் உண்டு. விமானத்தின் உடம்பும் இறக்கையும் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்கில் இருக்கும். வெளியே இருந்து பார்த்தாலே எஞ்சின், விமானி இருக்கை, சக்கரம் மடங்குகிற இடம் எல்லாம் தெரியும்.

இது எங்கே எப்படிப் பிறந்தது, நம்ம ஊர்ல அந்த வேலையை எது செய்தது, அது காட்டாமல் விட்டது என்ன? இந்த மூன்றையும் இன்றைக்குப் பார்ப்போம்.

தலைக்கு மேலே பருந்து

தேவிபட்டினத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நவபாஷாணத்துக்காக வருகிறார்கள். கடலுக்குள் ஒன்பது கல். சேது கட்டப் போகும் முன் ராமர் நவகிரகங்களை வைத்து வணங்கிய இடம் என்பது ஐதீகம். ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம், ராமேஸ்வரம் போகும் சாலையில், உச்சிப்புளி. அங்கே இந்தியக் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2009-இல் அதற்கு ‘ஐஎன்எஸ் பருந்து’ என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் அங்கே ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு வந்தது.

ஆக, இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு விமானம் புதுசு இல்லை. சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் தெரிவது அடிவயிறு மட்டும்தான். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியாது. பக்கத்தில் போய்ப் பார்க்க அது ராணுவ இடம், விடமாட்டார்கள்.

கடற்கரையில் கட்டுகிற வள்ளம் அப்படி இல்லை பாருங்க. மணலில் ஏரா மரம் கிடக்கும், பலகை ஏறும், உள்பக்கம் வங்கு பொருத்துவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் நாளுக்கு நாள் நின்று பார்க்கலாம். முதுகெலும்பு எது, விலா எலும்பு எது, எந்தப் பலகை எதைத் தாங்குகிறது என்பது யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிடும். வள்ளம் கடலில் இறங்கிய பிறகும் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

இப்படிப் படகு உருவாவதைப் பார்த்து வளர்ந்த ஒரு பையனை நாம் எல்லாருக்கும் தெரியும். 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். அவருடைய அப்பா ஜைனுலாப்தீன், தனுஷ்கோடிக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்ல ஒரு மரப்படகு கட்டினார். உறவினர் ஜலாலுதீன் கூட நின்று உதவினார். படகு உருப்பெறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததை ‘அக்கினிச் சிறகுகள்’ புத்தகத்தில் கலாம் எழுதியிருக்கிறார். இன்னொரு சம்பவத்தை மேடைகளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டினார். பிள்ளைகள் விழித்தார்கள். அன்று சாயங்காலமே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறவைகள் இறக்கையையும் வாலையும் எப்படித் திருப்புகின்றன என்று நேரிலேயே காட்டினார்.

படம் போதவில்லை, பொருளையே பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடி விமானத்தின் கதையும் இதுதான்.

முதலில் நிழல், பிறகு குடல்

மாடல் விமானம் முதலில் உள்ளே பார்ப்பதற்காக வந்தது இல்லை. பிரிட்டனில் 1936-இல் ‘ஃபிராக் பெங்குயின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் கிட்கள் வந்தன. அளவு 72-இல் ஒரு பங்கு. அவற்றில் முக்கியம் வெளி வடிவம்தான். இரண்டாம் உலகப்போர் வந்ததும் அந்த வடிவமே உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. மேலே வருகிற விமானம் நம்முடையதா, எதிரியுடையதா? தப்பாகச் சொன்னால் சொந்த ஆளையே சுட்டுவிடுவோம். அதனால் 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடங்களிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் கேட்டது. மாணவர்கள் மரத்தில் செதுக்கிக் கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். வீரர்கள் அந்த நிழல் உருவத்தைப் பார்த்தே விமானத்தை அடையாளம் காணப் பழகினார்கள். உள்ளே வெறும் கட்டை. அன்றைக்கு அது போதும்.

இதே காலத்தில் வேறொரு பக்கம் ‘உள்ளே காட்டு’ என்ற ஆசையும் வளர்ந்துகொண்டிருந்தது. 1930-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ‘கண்ணாடி மனிதன்’ நின்றான். தெளிவான தோலுக்குள் எலும்பு, ரத்தக்குழாய், உறுப்புகள், விளக்கு போட்டுக் காட்டினார்கள். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு போன்டியாக் காரின் மேல்தகடுகளைத் தெளிவான பிளெக்ஸிகிளாஸில் செய்து வைத்தது. காருக்குள் கம்பி எப்படி ஓடுகிறது, கதவு எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று கூட்டம் சுற்றி நின்று பார்த்தது.

பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்று இரண்டு பெயர் சொன்னாலும் பொருள் ஒன்றுதான், அக்ரிலிக். 1930-களில் சந்தைக்கு வந்தது. அதை வேகமாக வளர்த்துவிட்டதே போர் விமானம்தான். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானிகளின் தலைக்கு மேல் இருந்த மூடி பெர்ஸ்பெக்ஸ்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும், அது நம்ம பக்கம் வந்து முடிகிறது. குண்டடி பட்ட விமானங்களில் அந்த மூடி நொறுங்கி, சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விடும். கண்ணில் தூசி விழுந்தாலே சிவந்து வீங்கும் இல்லையா? ஆனால் பெர்ஸ்பெக்ஸ் சில்லு உள்ளேயே தங்கினாலும் கண் பெரிதாக எதிர்க்கவில்லை. இதைக் கவனித்தவர் லண்டன் கண் மருத்துவர் ஹரோல்டு ரிட்லி. 1949 நவம்பரில் அதே பொருளில் லென்ஸ் செய்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். இன்று புரை அறுவைக்குப் பின் வைக்கிற லென்ஸின் தொடக்கம் அதுதான். அந்த லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைகளுக்கு எட்டவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-இல் இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகு விலை வெகுவாகக் குறைந்தது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து மதுரைக்குப் போய்ப் பார்வையோடு திரும்பிய பாட்டிமார்கள் எத்தனை பேர்! போர் விமானத்தின் மூடியும் அவர்கள் கண்ணில் இருப்பதும் ஒரே குடும்பம்.

பேய் முஸ்டாங்

சரி, விமானத்துக்கு வருவோம். போர் முடிந்த 1945-இல் சிகாகோவில் மோனோகிராம் என்ற நிறுவனம் தொடங்கியது. முதலில் மரக் கிட்கள், பிறகு பிளாஸ்டிக். 1950-களின் கடைசியில் ரென்வால் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் தெளிவான பிளாஸ்டிக்கில் மனித உடல் கிட் விற்று நல்ல பெயர் வாங்கியது. அடுத்து கார் எஞ்சின். பிஸ்டன் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த அலையில் 1960-களின் தொடக்கத்தில் மோனோகிராம் கொண்டுவந்ததுதான் ‘ஃபேன்டம் முஸ்டாங்’. பேய் முஸ்டாங் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி-51 முஸ்டாங் அமெரிக்கப் போர் விமானம். அளவு 32-இல் ஒரு பங்கு, உடம்பும் இறக்கையும் தெளிவான பிளாஸ்டிக். பேட்டரி மோட்டார் உண்டு. புரொப்பல்லர் சுற்றும், சக்கரம் மடங்கி உள்ளே போகும், குண்டு கழன்று விழும். அந்தக் காலத்துப் பையன்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

உள்ளே தெரிவதால் என்ன லாபம்? நிஜ முஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் வயிற்றுக்குக் கீழே ஒரு வாய் தொங்கும். எதற்கென்று புரியாது. உள்ளே பார்த்தால் மூக்கில் 12 சிலிண்டர் எஞ்சின் இருக்கும். அதைக் குளிர்விக்கிற ரேடியேட்டர் வெகுதூரம் பின்னால், வயிற்றில். அதற்குக் காற்று போகிற வழிதான் அந்த வாய். அடுத்து, விமானி இருக்கைக்கு நேர் பின்னால் ஒரு எரிபொருள் தொட்டி, சுமார் 320 லிட்டர். அந்தத் தொட்டியும் இறக்கைக்கு அடியில் தொங்கவிட்ட தொட்டிகளும் இருந்ததால்தான் 1944-இல் முஸ்டாங் இங்கிலாந்திலிருந்து பெர்லின் வரை குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணை போய்த் திரும்ப முடிந்தது. ஆனால் பின்தொட்டி நிறைந்திருந்தால் பாரம் பின்பக்கம் சாயும், விமானம் அடங்காது. அதனால் விமானிகள் முதலில் அந்தத் தொட்டியைத்தான் காலி செய்யப் பார்ப்பார்கள். படகில் பாரத்தை எல்லாம் கடையால் பக்கம் ஏற்றினால் அணியம் தூக்கிக்கொள்ளும் இல்லையா, அதே கணக்கு. தொட்டி இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் இதற்குப் பாடம் தேவையில்லை.

ஒட்டுகிறவர் படும் பாடு

தெளிவான கிட்டைச் சேர்ப்பது சாதாரணக் கிட்டைவிடப் பெரிய தலைவலி. சாதாரணக் கிட்டில் தப்பு செய்தால் பட்டி வைத்து, தேய்த்து, வண்ணம் அடித்து மறைக்கலாம். இதில் எதையும் மறைக்க முடியாது. தெளிவான பாலிஸ்டைரீன் மொறுமொறுவென்று இருக்கும். சட்டத்திலிருந்து பாகத்தை அவசரமாக வெட்டினால் விரிசல் உள்ளே ஓடிவிடும். சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி படிந்து பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் பலரும் தச்சுவேலைக்குப் போடுகிற வெள்ளைப் பசையையே கொஞ்சமாகத் தொட்டு வைக்கிறார்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிடிப்பு மட்டும் கொஞ்சம் கம்மி. கீறல் விழுந்தால் மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் பற்பசை வைத்து மெருகேற்றுவார்கள்.

இதைவிட முக்கியம், மூடுவதற்கு முன் உள்ளே எல்லாம் முடிந்திருக்கணும். ஒரு தூசி, ஒரு கைரேகை உள்ளே மாட்டினால் அது அங்கேயேதான். வெளியே தெரியாது என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த ரகம் இன்னும் அழியவில்லை. ஜப்பானின் ஸோகெய்-முரா நிறுவனம் 2010 முதல் எலும்புக்கூடு, எஞ்சின், குழாய் வரை நிஜ விமானத்தைப் போலவே அடுக்கடுக்காகச் சேர்க்கிற கிட்களைக் கொண்டுவருகிறது. அவற்றில் சிலவற்றுக்குத் தெளிவான மேல்தோலும் உண்டு.

நம்ம ஊர்ல பழைய இரும்புதான் கண்ணாடி

இந்தக் கிட்கள் இங்கே கிடைத்ததா? பெரும்பாலும் இல்லை. இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு இருந்த காலம். பொம்மை, விளையாட்டுச் சாமான் மாதிரி நுகர்பொருட்களுக்கான கட்டுப்பாடு முழுசாக நீங்கியதே 2001-இல்தான். அதுவரை யாராவது சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் உண்டு. என்சிசி விமானப்படைப் பிரிவில் ஏரோமாடலிங் சொல்லிக் கொடுத்தார்கள், அது ஒரு நல்ல வாசல். மற்றபடி விமானத்தின் உள்பக்கத்தை நாம் வேறு வழியில்தான் பார்த்தோம்: பழைய விமானத்தைத் திறந்து.

இதற்குப் பெரிய உதாரணம் 1948. போர் முடிந்து கிளம்பிய பிரிட்டிஷ் விமானப்படை, பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுப் போனது. யாரும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று சேதப்படுத்திவிட்டே போனார்கள். பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார், அதாவது இன்றைய எச்ஏஎல், அந்தக் குவியலில் இறங்கினார்கள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்குத் தேற்றி, பெங்களூருக்குப் பறக்கவிட்டுக் கொண்டுபோய் முழுசாகப் புதுப்பித்தார்கள். சுமார் 40 விமானங்கள் இப்படி உயிர் பெற்றன. 1968 வரை அவை நம் விமானப்படையில் பறந்தன. உலகத்தில் மற்ற இடங்களில் லிபரேட்டர் அபூர்வமாகிப் போனதால், பிற்பாடு நம்ம ஊர் விமானங்கள் சில வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின.

அடுத்த உதாரணம் சென்னை குரோம்பேட்டை. 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்ஐடி. அங்கே சேரப் பணம் இல்லாதபோது கலாமின் அக்கா ஜோஹரா தன் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்து வருகிற வரியைத்தான் பலர் தாண்டிவிடுகிறோம். பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்டுவதற்காக, ஓய்வு கொடுத்த இரண்டு விமானங்களை அந்தக் கல்லூரியில் வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன் என்று கலாம் எழுதுகிறார். முதலாண்டு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது யோசிக்காமல் விமானப் பொறியியலை எடுத்தார். படிப்பு முடிந்து எச்ஏஎல் போனதும் கிடைத்த பயிற்சி, எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கிற வேலை.

படகுக்கு அடுத்து அவருக்கு உள்ளே தெரிந்த வாகனம் அந்த இரண்டு விமானங்கள். நகை அடகு வைத்த குடும்பத்துப் பையனால் வெளிநாட்டுக் கிட் வாங்க முடியாது. ஒரு கல்லூரி, கழித்துப்போட வேண்டிய இரண்டு விமானங்களை மாணவர்கள் தொட்டுப் பார்க்க வைத்திருந்தது. அவ்வளவுதான் செய்தது. எவ்வளவு தூரம் போனது பாருங்கள்.

கண்ணாடி சொல்லும் பொய்

இப்போ இந்தக் கிட் மறைக்கிற விஷயத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் காட்டுகிற அது, ஒன்றை மட்டும் மறைத்துவிடுகிறது. தோலை.

தொடக்ககால விமானங்களில் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். பாரத்தைச் சட்டம் தாங்கும், துணி காற்றைத் தடுக்கும். 1930-களில் உலோகத் தோல் பரவலானது. முஸ்டாங்கிலும் இன்றைய பயணிகள் விமானத்திலும் மேல்தகடு வெறும் மூடி இல்லை. அதுவும் பாரம் தாங்குகிறது. முறுக்கம், இழுப்பு, வளைவு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. வள்ளத்தின் பலகை மாதிரி. பலகையை எடுத்துவிட்டு வங்கை மட்டும் வைத்துக் கடலுக்குப் போக முடியுமா?

தெளிவான கிட்டைப் பார்க்கிற பிள்ளை, எலும்பும் எஞ்சினும்தான் விமானம், மேலே இருப்பது சும்மா போர்வை என்று நினைத்துவிடும். இதைச் சரிசெய்ய ஒரு காலி குளிர்பான டின் போதும். நிற்க வைத்து மேலே மெதுவாகப் பாரம் ஏற்றுங்கள். அந்த மெல்லிய தகடு ஆச்சரியப்படும் அளவுக்குத் தாங்கும். பக்கத்தில் விரலால் லேசாக ஒரு நெளிவு ஏற்படுத்துங்கள். அதே பாரத்துக்கு ‘மடக்’கென்று சரிந்துவிடும். விமானத் தோலில் ஒரு சின்ன நெளிவுக்கு ஏன் அவ்வளவு பரிசோதனை செய்கிறார்கள் என்பது அந்த நிமிஷமே புரியும்.

ஊருக்கு ஒரு விமானம்

நம்ம பக்கத்தில் இன்றைக்குப் பார்க்க என்ன இருக்கிறது? பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறந்த கலாம் தேசிய நினைவகத்தில் ராக்கெட், ஏவுகணை மாதிரிகள் இருக்கின்றன. அவை நிற்கின்றன, நாம் பார்க்கிறோம். பெரும்பாலும் வெளி வடிவம்தான். உள்ளேயே நடந்து பார்க்க ஆசைப்பட்டால் விசாகப்பட்டினம் போகணும். நம்ம அரக்கோணத்திலிருந்து பறந்து 2017-இல் ஓய்வு பெற்ற டியு-142 கடற்படை விமானம் ஒன்றை அங்கே கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர். உள்ளே ஏறிப் பார்க்கலாம். அரக்கோணத்தில் வேலை பார்த்த விமானத்தைப் பார்க்க தேவிபட்டினத்துப் பிள்ளை ஆந்திரா போகணும், என்ன செய்ய!

உச்சிப்புளியில் பருந்து இருக்கிற மாவட்டத்தில், ஓய்வு பெற்ற ஒரு ஹெலிகாப்டரையோ சின்ன விமானத்தையோ பக்கத்தகட்டை வெட்டித் திறந்து, தொட்டுப் பார்க்கிற மாதிரி வைத்தால் என்ன? கண்ணாடிப் பெட்டிக்குள் வேண்டாம். ‘தொடாதீர்கள்’ பலகையும் வேண்டாம்.

அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஒரு வேலை சொல்கிறேன், பள்ளிக்கூட ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் செய்கிறவர்கள் வெகுகாலமாகச் செய்கிற உத்தி இது. விமான மூக்கு வடிவத்தில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வழவழவென்று தேய்க்கணும். நம்ம ஊரில் தச்சருக்குப் பஞ்சமில்லை. அதைத் தெளிவான குளிர்பான பாட்டிலுக்குள் இறுக்கமாக நுழைத்து, சூடான காற்று ஊதும் கருவியால் சீராகச் சூடு காட்டினால், பாட்டில் சுருங்கிக் கட்டையின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆறியதும் வெட்டி எடுத்தால் தெளிவான தோல் தயார். சூடு காட்டுகிற வேலையை மட்டும் பெரியவர்கள் செய்யணும். உள்ளே அட்டையில் விலாச் சட்டம், மூங்கில் குச்சியில் முதுகுத்தண்டு, நூலில் கட்டுப்பாட்டுக் கம்பி. நூலை இழுத்தால் வால் திரும்பணும், அது முக்கியம். கூடவே அந்தக் காலி டின்னையும் மேசையில் வையுங்கள்.

செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது. அடுத்த முறை கடற்கரையில் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிற பிள்ளை, அந்த அடிவயிற்றுக்கு மேலே எது எங்கே இருக்கும் என்று விரல் நீட்டிச் சொல்லும்.

யாராவது செய்து பார்த்தால் எங்களுக்கு எழுதுங்கள். நூலை இழுத்து வால் திரும்பியதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.